இரண்டு இடது இறக்கைகள்

எங்கள் சாப்பாட்டு மேசை பறிபோன நாளிலிருந்துதான் இதைச் சொல்ல வேண்டும். என் கணவர் ஜூரோங் கப்பல் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வரைபடம் போட்டவர். ஓய்வு பெற்ற மறுவாரமே, புக்கிட் பாத்தோக் வீட்டில் உருப்படியாக இருந்த அந்த ஒரே மேசை மேல் ஆளுயரத் தாள் ஒன்றை விரித்து, மூலைக்கு மூலை டேப் ஒட்டி, அதன் மேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிட்டார். ரிமோட்டில் பறக்கும் மர விமானத்தின் வரைபடமாம் அது. கடையில் ரெடியாக விற்கிறதே, வாங்கிப் பறக்கவிட்டால் ஆகாதா என்று கேட்டேன். அதில் என்ன இருக்கிறது என்றார். இத்தனை வருஷமும் அவர் வரைந்தார், மற்றவர்கள் கட்டினார்கள், கப்பல் கடலுக்குப் போனது, இவர் அடுத்த தாளை எடுத்தார். ஒரு தடவையாவது தானே கட்டி, தன் கையாலேயே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். மனுஷனுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

நான் தேக்கா மார்க்கெட் மாடியில் ரவிக்கை தைக்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் மூக்குக்கு மேல்தான் இருக்கும். அன்றிலிருந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டியதாயிற்று. பால்சா என்றொரு மரம், கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இருக்காது. அதைத் தேய்த்த தூள் ரசத்தில் மிதந்தது. என் குண்டூசிப் பெட்டியைத் திறந்தால் காலி. வரைபடத்தின் மேலேயே மரத்துண்டுகளை அடுக்கி, பசை காயும்வரை ஊசி குத்தி வைக்க வேண்டுமாம். என் பிழைப்பைக் கெடுக்கவா ஓய்வு வாங்கினீர்கள் என்று கத்தினேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அடுத்த துண்டை எடுப்பார்.

முதல் இறக்கை முடிந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பொய் சொல்லக் கூடாது, அவ்வளவு அழகாக இருந்தது. அந்த வரைபடத்தில் இடது இறக்கை மட்டும்தான் உண்டு. கப்பலிலும் அப்படித்தான் என்று எனக்கு அவரே விளக்கினார். இடப்பக்கத்தை மட்டும் வரைவார்களாம், வலப்பக்கம் இதற்கு எதிர்க்கை என்று ஒரு வரி எழுதினால் போதுமாம், கண்ணாடியில் தெரிகிற பிம்பம் மாதிரி என்று கட்டுகிறவனுக்குப் புரிந்துவிடுமாம். இங்கே தாளில் எண்ணெய் தடவ வேண்டும், கோடுகள் பின்பக்கம் தெரியும், தாளைத் திருப்பிப் போட்டு அதன் மேல் வலது இறக்கையைக் கட்ட வேண்டும். சொல்லிவிட்டு என் நல்லெண்ணெய்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு போனார்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்தபோது, இரண்டு இறக்கைகளையும் விமானத்தில் மாட்டுகிற மாதிரி சோபாவில் அடியோடு அடி சேர வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது. இரண்டும் இடது. ஒன்றின் வளைந்த முன்விளிம்பு முன்னால் பார்த்தால், மற்றதன் விளிம்பு பின்னால் பார்த்தது. தையல் பழக வருகிற பிள்ளைகள் முதல் வாரத்தில் ஒரே கைக்கு இரண்டு சட்டைக்கை வெட்டி வைப்பார்களே, அதே தப்பு. நான் சிரித்தேன். பையைக் கீழே போட்டுவிட்டு, உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். முப்பது வருஷமாக நீங்கள் வரைந்த கப்பலெல்லாம் ஒரே இடத்தில்தான் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று கேட்டேன். மறுநாள் கடையில் சொன்னேன். மகள் வீட்டில் சொன்னேன். ஒரு கல்யாண வீட்டில், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே நடித்துக் காட்டினேன். அவரும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

திரும்பவும் ஆரம்பித்தார். இந்தத் தடவை இன்னும் எண்ணெய் தடவினார், தாள் நனைந்து மறுபக்கம் பளிச்சென்று தெரிந்தது. அப்புறம் அதைத் திருப்பாமலே மேசையில் போட்டு ஒட்டினார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், என் மண்டையில் ஏறவில்லை. மூன்றாவது இறக்கையும் இடதாகவே வந்தது. மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இதுல எது தப்புன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன். எனக்குத் தெரிய மாட்டேங்குது."

அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. காப்பியில் இரண்டு தடவை சீனி போட்டது, எங்கள் நிறுத்தத்தைத் தாண்டி பஸ்ஸில் போய்விட்டு என் மேல் எரிந்து விழுந்தது, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. பாலிகிளினிக்கில் காட்டினேன், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டம் அச்சடித்த மாதிரி போட்டார். எண்கள் பன்னிரண்டையும் ஒரே பக்கமாக எழுதி வைத்தார். முதுமை மறதி என்றார் டாக்டர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அந்தக் கல்யாண வீடுதான் கண்ணில் நின்றது.

வலது இறக்கையை நான் கட்டினேன். கட்டினோம் என்று சொல்ல வேண்டும். திங்கட்கிழமைகளில் கடைக்குப் போகாமல் இருந்தேன். தாளைத் திருப்பிப் போட்டு ஒட்டியது நான், மரத்தை வெட்டித் தேய்த்துக் கொடுத்தது அவர். கை அப்படியே இருந்தது, மயிரிழை பிசகாது. எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் போய்விட்டது. கடைசியில் அவர் முன்பே கட்டி வைத்திருந்த உடல்பகுதி மேலும் இறக்கைகள் மேலும் சிவப்பு நிறத்தில் ஒரு மெல்லிய தாளைச் சூட்டில் ஒட்ட வேண்டியிருந்தது. இஸ்திரிப் பெட்டி பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சுருக்கம் ஒன்று விழவில்லை. நல்லா வந்திருக்கு என்று நாளைக்குப் பத்துத் தடவை தடவிப் பார்ப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் சண்டை போடாமல் ஒரு வேலை செய்தது அது ஒன்றுதான்.

மற்ற நாட்களில் ரிமோட்டைக் கணினியில் மாட்டிக்கொண்டு, திரையில் விமானம் ஓட்டிப் பழகினார். முதலில் விழுந்து விழுந்து நொறுங்கியது. போகப்போக வட்டமடித்து இறக்கவும் செய்தார். யோசிக்காமல் விரல் தானாக ஓடியது. அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

பட்டறையில் அவருடன் வேலை பார்த்த நண்பர் ஒருவர் மேற்கே ஒரு திடலில் விமானம் பறக்கவிடுகிறவர். ஒரு காலையில் வேனில் வந்து எங்களையும் விமானத்தையும் ஏற்றிக்கொண்டு போனார். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று முதலில் அவரே ஒரு சுற்று பறக்கவிட்டு இறக்கினார். பிறகு, வாங்கண்ணே, இனி உங்க விமானம் என்று கூப்பிட்டார். என் கணவர் குழந்தை மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனார்.

"அவர்கிட்ட குடுக்காதீங்க," என்று கத்தினேன். "அவருக்கு இடது வலது தெரியாது. உடைச்சிடுவாரு."

திடலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நண்பர் என்னிடம் பொறுமையாகச் சொன்னார்.

"அக்கா, ரெண்டு ரிமோட்டையும் ஜோடி சேத்துத்தான் வெச்சிருக்கேன். தப்பாப் போச்சுன்னா சுவிட்சைத் தட்டினதும் கன்ட்ரோல் என் கைக்கு வந்துடும் லா. ஒண்ணும் ஆகாது."

வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன். எதற்கு அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்று என்னை நானே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அவர் நாலு பேர் முன்னால் அவமானப்படக் கூடாது என்று நினைத்தேன், அது உண்மை. நான் கட்டிய இறக்கை உடையக் கூடாது என்றும் நினைத்தேன், அதுவும் உண்மை. அவர் நீட்டிய கையை மடக்கி, சட்டையின் பின்பக்கத்தில் துடைத்துக்கொண்டார். அவ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று நண்பரிடம் சொன்னார். நண்பர் இன்னும் இரண்டு சுற்று ஓட்டினார். சிவப்பு விமானம் வெயிலில் அப்படி ஒரு அழகு. நான் கைதட்டினேன், பாவி.

அதற்குப் பிறகு அவர் கணினிப் பக்கம் போகவே இல்லை. கேட்டால் நாளைக்கு என்பார். அடுத்த மாதம் மறுபடி கூட்டிப்போய் ஓட்டச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மழை வந்தது. பிறகு தீபாவளி ரவிக்கைகள் மலையாகக் குவிந்தன, தலை நிமிரக்கூட நேரமில்லை. கடைசி ரவிக்கையைக் கொடுத்து அனுப்பிவிட்டு நான் நிமிர்ந்தபோது, அவர் குளியலறைக்கு வழி கேட்க ஆரம்பித்திருந்தார். என்னைச் சில நேரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், சில நேரம் யாரோ வீட்டு வேலைக்கு வந்தவளைப் போல நடத்தினார்.

நானே நண்பருக்குப் போன் செய்து, வேனைக் கொண்டுவரச் சொன்னேன். அன்றைக்குக் காற்று அதிகமில்லை, திடலில் கூட்டமும் இல்லை. நண்பர் விமானத்தை மேலே ஏற்றி, நேராகப் பறக்கவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் மற்ற ரிமோட்டை இரண்டு கையாலும் எடுத்து என் கணவரிடம் நீட்டினேன். இடித்துக்கொண்டு விழுந்து தூள்தூளாகப் போகட்டும், அவர் ஒரே ஒரு நிமிஷம் ஓட்டினால் போதும் என்றிருந்தது எனக்கு. அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்கிட்ட குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

என்னென்னவோ மறந்தாரே, இதை மறந்திருக்கக் கூடாதா. தப்பாகச் சொல்லிவிட்டேன், நான்தான் சொன்னேன், இப்போது நானே தருகிறேன், பிடியுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பஸ்ஸில் இடம் கொடுக்கிற முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசுகிற மாதிரி, மரியாதையாகச் சிரித்தார்.

"வேணாங்க. வீட்டுல கோவிச்சுக்குவாங்க."