கிளிகளை விரட்டியவள்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பழைய உடைகளைத் தரம் பிரித்தது. அப்பாவின் சட்டைகளைக் கூடத்தில் கொட்டி, நிறம் பார்த்துக் குவித்தோம். போதாதென்று அக்கம்பக்கத்திலும் கேட்டு வாங்கியிருந்தாள். ஒரு நர்ஸின் வெள்ளைக் கோட்டு, லாரி ஓட்டுநரின் காக்கி, யாரோ ஒரு பெண்ணின் பூப்போட்ட மேலங்கி. ஒரே நிறம் அடுத்தடுத்த நாளில் வரக் கூடாது என்றாள்.

"அந்தக் கோடு போட்டதை விட்டுடு. எனக்கு வேணும்," என்றார் அப்பா.

"இதோட பட்டன் உங்க வயித்துல சேர்ந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"இளைச்சிட்டேன்னா?"

"இளைச்சா புதுசே வாங்கித் தரேன். கையை எடுங்க."

அந்த உடைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கிளிகளை விரட்ட வேண்டும். அதுதான் அம்மாவுக்கு உத்தியோகம்.

ஊருக்கு மேலே, காட்டின் விளிம்பில், வலை போர்த்திய பெரிய கூண்டு ஒன்று இருக்கிறது. எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அந்தக் காட்டில் கிளிகள் இல்லாமல் போயின. பொந்தில் கைவிட்டுக் குஞ்சுகளை எடுத்து விற்றே தீர்த்திருந்தார்கள். இப்போது அதே இனத்தை வேறிடத்திலிருந்து கொண்டுவந்து, கூண்டில் சில மாதம் வைத்திருந்து வெளியே விடுகிறார்கள். அதற்குள் அவை கற்க வேண்டிய முக்கியமான பாடம், மனிதரைக் கண்டால் பறந்துவிடுவது. மனிதரிடம் வருகிற கிளி மறுபடியும் விலைக்குப் போகும்.

அதனால் தீனி சுவருக்குப் பின்னாலிருந்து குழாய் வழியே விழும். போடுகிறவர் முகம் அவற்றுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அம்மா. தகரத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே போய், நீளக் கோலில் கட்டிய வலையை வீசிக் கலைப்பாள்.

அவள் பெண்கள் விடுதியில் காப்பாளராக இருந்தவள். நேரங்கழித்து வரும் பெண்களுக்கு, மேலதிகாரிகள் காதுக்குப் போகாமல் கதவைத் திறந்துவிட்டவள். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாது. ஓய்வு பெற்றபின் தீனி போடும் வேலைக்குத்தான் கேட்டுப் போனாள். அதற்கு ஆள் எடுத்துவிட்டார்கள், மீதமிருந்தது இது.

பறவை மருத்துவர் சொன்னாராம்: "உள்ள போயிட்டா நீங்க நீங்க இல்லம்மா. ஊர்ல இருக்கற மனுஷங்க மொத்தமும் நீங்கதான்."

அங்கே அவளுக்கு வில்லி என்று பெயர். அப்பாவுக்குக் கொண்டாட்டம். "கிளி மாதிரி பொண்டாட்டின்னு ஊர்ல சொல்வாங்க. என் பொண்டாட்டியைப் பார்த்தா கிளியே ஓடுது."

"ஓடாம உக்காந்திருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

முதல் கூட்டத்தைத் திறந்துவிட்ட அன்று அம்மா வாசலில் நின்றே சொன்னாள், "ஒண்ணுகூட என்னைத் திரும்பிப் பாக்கலை." பெருமையாகத்தான் சொன்னாள்.

மழைக்காலம் முடியும்போது அதில் ஒரு கிளி கடைத்தெருவுக்கு வந்து, சலூனுக்குள் நுழைந்து கண்ணாடிப் பலகையில் உட்கார்ந்தது. பூனைக்குப் பயந்து முடிதிருத்துபவர் அதை ஒரு கூண்டில் வைத்தார். வெளியே விடும்முன் மாட்டுகிற அடையாள வளையம் அதன் காலில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு அம்மா போய்ப் பார்த்தாள். கூண்டைத் திறந்ததும் கிளி அவள் முழங்கைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாள் தவறாமல் அவளைக் கண்டு அலறிய அதே கிளி.

அன்று அவள் சாப்பிடவில்லை. நான் ஆலைகளில் அபாய மணிகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். பழக்கதோஷத்தில் கேட்டேன்:

"உள்ள போறப்ப என்ன போட்டுட்டுப் போவே?"

"மழைக்கோட்டு. மஞ்சள் கலர்ல கொடுத்தாங்களே, அது. பயந்தா மேலெல்லாம் எச்சம் போடுதுங்கடி."

"எப்பவுமா?"

"பின்ன? தினம் யாரு துவைக்கறது?"

கேட்டு முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. கிளிகள் பயந்தது மனிதரைப் பார்த்து அல்ல, மழைக்கோட்டைப் பார்த்து. மருத்துவருக்கும் தோன்றவில்லை, யாருக்கும் தோன்றவில்லை. காட்டில் இருக்கும் மற்றவையும் என்றைக்கு யார் கையில் உட்காருமோ என்று அம்மா தவித்தாள். அவை நல்ல வேளையாக மனிதர் வராத பள்ளத்துப் பக்கம் போயிருந்தன. ஒரு ஜோடி பொந்து பிடித்துக் குஞ்சும் பொரித்திருந்தது. அதைக் கண்டுபிடித்தது அம்மாதான்.

இரண்டாவது கூட்டத்துக்குத்தான் அந்த உடைக் குவியல். அவை கூண்டைவிட்டுப் போவதற்குள் சலூன் கிளியையும் அவற்றோடு சேர்த்துவிட வேண்டும். தனியாக ஒரு கிளிக்குப் பயம் கற்றுக்கொடுக்க முடியாது. நாலு கிளி பறந்தால்தான் ஐந்தாவதும் பறக்கும். இந்தக் கூட்டம் போய்விட்டால் அதற்கு வாழ்நாள் முழுக்கக் கூண்டுதான். அம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை.

கிளி இன்னும் சலூனில்தான் இருந்தது. அதைக் கேட்டு அம்மா போனபோது ஒருமுறை நானும் உடன் போனேன். சலூன்காரர் யாருக்கோ சவரம் செய்துகொண்டே பேசினார்.

"நான் பிடிக்கலைக்கா. அதுவா வந்தது."

"தெரியும் தம்பி. யாரு உங்களைச் சொன்னா?"

"கொண்டுபோய் என்ன செய்வீங்க?"

"பயமுறுத்துவேன்."

அவர் கத்தியைத் துடைத்தார். "இங்க பயமில்லாம இருக்கு. பயப்பட வைக்கறதுக்கா தூக்கிக் கொடுக்கணும்?"

சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர் நுரை முகத்தோடு, "அவர் கேக்கறது நியாயம்தானேம்மா," என்றார்.

"நீங்க பேசாதீங்க, கழுத்துல கத்தி இருக்கு," என்றாள் அம்மா. பிறகு கிளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "தம்பி, ஒரு மரம் காட்டறேன். பொந்துல குஞ்சு இருக்கு. அதுக்கு அப்பனும் ஆத்தாளும் தீனி கொண்டுவர்றதைப் பாருங்க. பார்த்துட்டுத் தர மாட்டேன்னா நான் மறுபடி வந்து கேக்க மாட்டேன்."

கடை விடுமுறை அன்று போகலாம் என்றார் அவர்.

அதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். வேலைக்குப் போகிற பேருந்தில், ஜன்னலோர இருக்கையில். மாரடைப்பு என்றார்கள்.

விடுமுறை அன்று சலூன்காரர் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா வரேன்னாங்க. காலையிலேருந்து நிக்கறேன்."

சொன்னேன். அவருக்குப் பின்னால் கிளியின் சத்தம் கேட்டது.

"எந்த மரம்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்றார்.

தெரியாது. மருத்துவரிடம் கேட்டுவிட்டு, நானே அழைத்துப் போகிறேன் என்று சொன்னேன். அம்மா காட்ட வேண்டிய மரம்; இன்னும் கேட்க மனம் வரவில்லை.