பெர்சி தின்ற உப்பு

தினமும் காலையில் வெண்டல் டாக்கெட் பெர்சியின் உடம்பிலிருந்து ஒரு லிட்டர் ரத்தத்தை உருவிவிட்டுக் காப்பி கலக்கப் போகிறார். திரும்பி வரும்போது பெர்சி உயிரோடிருந்தால் நிரல் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம். செத்திருந்தால் முந்தின நாள் யாரோ எதிலோ கைவைத்திருக்கிறார்கள்.

பெர்சி கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கும் ஆள். இதயம், நுரையீரல், சிறுநீரகம் எல்லாமே சமன்பாடுகள். மிசிசிப்பியில் உடலியங்கியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற வெண்டல், முப்பது வருடமாக இவனை வளர்த்து இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறார். யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம். தப்பிருந்தால் திருத்தி அனுப்பலாம். அனுப்புகிறவர்களுக்கு அவருடைய பதில் பெரும்பாலும் ஒரே வரி: "பெர்சியக் கேட்டேன், வேணாங்கிறான்."

சாப்பாட்டு மேஜையிலும் பெர்சி வைத்ததுதான் சட்டம். எழுபத்தொரு வயதில் வெண்டலின் ரத்த அழுத்தம் நூற்றெழுபது. உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டருக்கு வாய் வலித்துவிட்டது. வெண்டல் தன் எடை, வயது, அன்றாடம் தின்னும் உப்பு எல்லாவற்றையும் பெர்சிக்குக் கொடுத்துப் பார்த்தார். நூற்றிருபத்தைந்து என்றான் பெர்சி. ஆகவே அழுத்தம் பார்க்கும் கருவிதான் சரியில்லை. இதுவரை மூன்று கருவி வாங்கியாயிற்று. சோளக்கஞ்சியின் மேல் உப்பு தாராளமாக விழுந்துகொண்டிருந்தது. மனைவி லூர்லீனுக்கு வயிற்றெரிச்சல்.

"யோவ் கிழவா, சாகப்போறது நீயா, அவனா?"

போன செவ்வாய்க்கிழமை, கனடாவில் நர்சுகளுக்குப் பாடம் எடுக்கும் இங்க்ரிட் என்பவள் ஒரு திருத்தம் அனுப்பினாள். உப்பில் சோடியம் ஐந்தில் இரண்டு பங்குதான். உப்பின் எடையை அந்தக் கணக்கில் சோடியமாகக் குறைக்கும் வேலையை நிரல் ஒரு தடவை செய்தால் போதும். அது இரண்டு இடத்தில் செய்துகொண்டிருந்தது. பெர்சி தின்ற சோடியத்தில் பாதிக்குமேல் அவன் சிறுநீரகத்தை எட்டியதே இல்லை. இரண்டு இடத்திலும் எழுதியவர் வெண்டல் டாக்கெட். இரண்டுக்கும் நடுவில் ஏழு வருடம். அடியில் இங்க்ரிட் ஒரு வரி சேர்த்திருந்தாள்: "பெர்சியையே கேட்டுப் பாருங்க சார்."

திருத்தத்தைப் போட்டுக் கேட்டார். அதே எடை, அதே வயது, அதே உப்பு. நூற்று அறுபத்தெட்டு.

லூர்லீன் பின்னால் வந்து நின்றாள். "என்ன சொல்றான் உன் ஆளு?"

"நீ சொல்றதத்தான் சொல்றான்."

அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. திருத்தத்தை ஏற்றுக்கொண்டு, திரையில் காரணம் கேட்ட கட்டத்தில் 'பிழை என்னுடையது' என்று அடித்தார்.

லூர்லீன் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தாள். வெண்டலின் பழகிய கை உப்புக் குப்பியை எடுத்துவிட்டது. அவர் அதைக் கவிழ்க்கப்போய் நிறுத்தினார். பிறகு எழுந்துபோய், பெர்சியின் திரைக்கு முன்னால் குப்பியை வைத்துவிட்டு வந்து, கஞ்சியை அப்படியே கலக்கினார்.