தூதரகத்துக்குப் போன குறைதீர் மனு

பெரம்பலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் முன்பாதியில் மேஜை போட்டு மனு எழுதுகிறவன் நான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம் என்பதால் அன்று மட்டும் என்னைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். பட்டா, முதியோர் பென்ஷன், பாதைத் தகராறு, எதுவானாலும் படிக்கிற அதிகாரி கலங்கிப்போகும்படி எழுதுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியதும் நான்தான்.

அந்தப் பெண் வந்தது ஒரு புதன்கிழமை. ஊர் வாலிகண்டபுரம். அவள் புருஷன் அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். வளைகுடா நாட்டில் டிரைவர் வேலை என்று சொல்லி அழைத்துப்போனவர்கள், அங்கே பாலைவனத்துக்குள் ஆட்டுப் பட்டியைப் பார்த்துக்கொள்ள விட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட்டையும் போனையும் முதலாளி வாங்கி வைத்துக்கொண்டான். சர்க்கரை வியாதி உள்ள மனுஷன். காலில் முள் குத்திப் புண்ணாகி விட்டது.

“வெரலு கருத்துட்டு வருதாம்ண்ணே. பாதம் வரைக்கும் வீங்கிடுச்சாம். அதுக்கு மேல ஏறுறதுக்குள்ள அவர இங்க கொண்டாந்துடணும்” என்றாள்.

தூதரகத்துக்கு நான் அதுவரை எழுதியதில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. அயல்நாட்டில் நம் கொடியைப் பறக்கவிட்டு உட்கார்ந்திருக்கிற பெரிய கலெக்டர் ஆபீஸ் அது, தூதர் என்பவர் கோட்டுப் போட்ட கலெக்டர், அவ்வளவுதானே என்று நினைத்தேன். கலெக்டருக்கு எழுதுகிற மாதிரியே ஆரம்பித்தேன். ‘ஐயா அவர்கள் சமூகம் தயவுகூர்ந்து...’

கை ஓட ஆரம்பித்தால் எனக்கு நிற்காது. கூரை வீடு, இரண்டு பெண் பிள்ளைகள், மாமியாருக்குக் கண்புரை. ஏற்கெனவே கம்ப்யூட்டரில் அடித்து வைத்திருந்த ஒரு பத்தியில் மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்ற கதை இருந்தது. அதையும் சேர்த்தேன். அவர்களுக்கு நிலமே கிடையாது. மனு கனமாக இருக்கட்டும் என்று ஓர் எண்ணம்.

அவள் நடுவே நடுவே ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் பட்டிக்குத் தண்ணீர் லாரி வருமாம். அந்த டிரைவர் பாகிஸ்தான்காரராம். அவர் போனை வாங்கித்தான் புருஷன் பேசுவாராம். இதையே மூன்று தடவை சொன்னாள்.

“ஏம்மா, அவரு எவ்ளோ பெரிய அதிகாரி. அவருகிட்ட போயி தண்ணி லாரிக் கதையெல்லாம் சொல்லலாமா?” என்றேன்.

கவரிலிருந்து பாஸ்போர்ட் ஜெராக்ஸை எடுத்து நீட்டினாள். அதெல்லாம் அவங்க கம்ப்யூட்டரிலேயே இருக்கும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்று பக்கத் தமிழுக்குக் கீழே எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையும் சேர்த்து மெயிலில் அனுப்பினேன். அனுப்பிய பிறகும் ஒரு தடவை படித்துப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் மாலையே பதில் வந்துவிட்டது. இங்கே மனு கொடுத்தால் ‘சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி வரும். அதற்கு நாங்கள் பழகியவர்கள். இந்தப் பதிலில் நான்கு கேள்விகள் இருந்தன. பாஸ்போர்ட் எண் என்ன? வேலை பார்க்கும் இடம் எது? முதலாளி பெயர் என்ன? எந்த எண்ணில் அவரோடு பேச முடியும்? என் மூன்று பக்கத்தில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. படைப்புழுவைப் பற்றி அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். பதிலை வாசித்துக் காட்டினேன்.

“இதெல்லாம் நான் அன்னைக்கே சொன்னேன்லண்ணே” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். இரண்டு நாள் போய்விட்டது. அந்த இரண்டு நாளில் அந்தக் கால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு அப்போதுதான் எனக்கு வந்தது.

இந்த முறை அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். ஆறே வரி. பாஸ்போர்ட் எண், முதலாளி பெயர், லாரி டிரைவரின் போன் எண், இன்று வெள்ளிக்கிழமை லாரி பட்டிக்குப் போகும் என்ற விவரம், கால் கருத்து வருகிறது என்ற செய்தி. அலங்காரமாக ஒரு சொல் சேர்க்கக் கை அரித்தது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரத்துக்குள் வெளிநாட்டு எண்ணிலிருந்து போன். தூதரக ஊழியர், பேச்சைக் கேட்டால் தென்பாண்டிச் சீமைக்காரர். நான் முறைப்படி வணக்கம் சொல்லி ஆரம்பித்ததும், “அந்தம்மாகிட்ட குடுங்க சார்” என்றார். கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டு இரண்டு பேரும் கேட்டோம்.

தங்களால் ஆவதையும் ஆகாததையும் அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். அது வேறு நாடு. கேட்டை உடைத்து ஆளைத் தூக்கிவர அவர்களுக்கு அதிகாரம் இல்லை. அந்த நாட்டுத் தொழிலாளர் அலுவலகத்தோடும் போலீஸோடும் பேசி அவர்கள் மூலமாகத்தான் ஆளை வெளியே கொண்டுவர முடியும். முதலாளி பாஸ்போர்ட்டைத் தராவிட்டால், ஊர் திரும்புவதற்கு மட்டும் செல்லும்படி ஒரு தாள் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“கால மொதல்ல டாக்டருகிட்ட காட்டிடுவீங்களா சார்?”

“காட்டிடுதோம்மா. அதான் மொத வேலை” என்றார்.

அன்றைக்கே லாரி டிரைவரிடம் பேசிவிட்டார்கள். நம் நாட்டுக்கும் அவர் நாட்டுக்கும் எல்லையில் ஆயிரம் தகராறு. அந்த மனுஷர் பட்டிவாசலில் லாரியை நிறுத்தி, இடத்தை போனிலேயே அனுப்பிவைத்தாராம். போலீஸோடு தூதரக ஆள் போய் இவரை ஆஸ்பத்திரியில் சேர்க்க மேலும் மூன்று நாள் ஆனது. இரண்டு விரலை எடுத்தார்கள். இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்து சேர்த்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்குமா என்று அங்கிருந்த டாக்டரைக் கேட்க எனக்கு வழியில்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

பாஸ்போர்ட் கடைசிவரை கிடைக்கவில்லை. தாள் கொடுப்பதற்கு முன் இவர் நம் ஊர்க்காரர்தானா என்று நேரில் விசாரித்திருக்கிறார்கள். பெரம்பலூர் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து உங்கள் வீடு எவ்வளவு தூரம் என்று ஓர் அதிகாரி கேட்டாராம். “எங்கூர்ல ஏது சார் ரயிலு? அதுக்கு அரியலூரு போவணும்” என்று இவர் சொன்னதும், அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாராம்.

எங்கள் ஊருக்கு ரயில் இல்லை என்று நானே எத்தனை மனு எழுதியிருப்பேன். அதனால் ஒருத்தருக்கு ஒரு நன்மை நடந்தது அன்றைக்குத்தான்.

அவர் திருச்சியில் இறங்கி பஸ்ஸில் வந்தார். நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். நன்றி சொல்லுவார்கள், பக்கத்தில் நாலு பேர் கேட்பார்கள் என்ற ஆசையும் கூட வந்திருந்தது. அவர் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். வலது காலில் கட்டு. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே குனிந்து கட்டைப் பார்த்தாள்.

“மூணு இருக்குல்ல?”

“இருக்கு.”

“போதும். நடந்துக்கலாம்” என்றாள்.

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிடப் போனார். வேண்டாங்க என்று தடுத்துவிட்டேன். இந்தத் தொழிலில் நான் தன்னடக்கமாக நடந்துகொண்டது அந்த ஒரு தடவைதான். கட்டு மாற்ற ஜி.ஹெச்.சுக்குப் போகவேண்டும் என்று அவள் ஆட்டோவைக் கூப்பிட்டாள். அவர் பையை உள்ளே வைத்துவிட்டு நான் ஒதுங்கி நின்றேன். ஆட்டோ மெதுவாகத்தான் போனது. குலுங்காமல் போகச்சொல்லி அவள் டிரைவரிடம் சொல்லிக்கொண்டே போனாள்.