பூந்தமல்லி ரூட்டின் தங்கச்சி

எங்கள் கல்லூரியின் பொறுப்பு கேட்டோடு முடிந்துவிடும். சேர்ந்த முதல் நாளே முதல்வர் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். "கேட்டுக்கு உள்ளே உங்களுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு நான் ஜவாப்தாரி. வெளியே நீங்கள்தான் ஜாக்கிரதையாக இருந்துகொள்ள வேண்டும்." எல்லாரும் கைதட்டினோம். எதற்குத் தட்டினோம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கேட்டுக்கு உள்ளே கண்ணாடிச்சில் பதித்த சுவர் இருந்தது, வாட்ச்மேன் இருந்தார், பெண்கள் உட்கார ஒரு தனி அறை இருந்தது. வெளியே பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒரு மூடிக்கிடந்த அரிசி ஆலையும் வேலிக்காத்தான் புதருமாக ஒரு ரோடு. அதைத் தாண்டினால் பஸ். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு, கரையான்சாவடி வழியாகப் பூந்தமல்லி தாண்டிப் போகும் பஸ்ஸில் காலை நேரத்தில் ஏறியவர்களுக்குத் தெரியும். உள்ளே போனவள் எந்த நிலையில் இறங்குவாள் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அந்த பஸ்ஸை ஆண்டது எங்கள் கல்லூரிப் பையன்கள். ஒவ்வொரு ரூட்டிலும் படிக்கட்டில் தொங்கி, தகரத்தைத் தட்டிப் பாடிக்கொண்டு ஒரு கூட்டம் வரும். அதற்கு ஒரு 'ரூட்டுத் தல' உண்டு. எங்கள் ரூட்டுத் தல முத்தாபுதுப்பேட்டைப் பையன், பி.ஏ. வரலாறு மூன்றாம் வருஷம், எத்தனை பேப்பர் பாக்கி என்பது அவனுக்கே தெரியாது. அந்த ரூட்டில் வரும் பெண்களெல்லாம் அவர்களுக்குத் 'தங்கச்சி'. வேறு ரூட்டுக்காரன் ஏதாவது சொன்னால் மண்டை உடையும். எங்களிடம் கேட்டுக்கொண்டா தங்கச்சி ஆக்கினார்கள்? இல்லை. என் அப்பாவுக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. "காலிப்பயலுவ" என்பார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எனக்குத் தொல்லை வந்தது அந்தக் காலிகளிடமிருந்து இல்லை. பருத்திப்பட்டில் ஏறும் ஒரு ஆள். முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் டிபன் பை. பார்த்தால் எழுந்து இடம் கொடுக்கத் தோன்றும். கூட்டத்தில் எனக்குப் பின்னால் வந்து நிற்பார். நான் நகர்ந்தால் அவரும் நகர்வார். பையை முதுகுக்கு மாற்றினேன், டிரைவர் பக்கம் போய் நின்றேன், ஒரு பஸ் முன்னதாகக் கிளம்பினேன். எதுவும் பலிக்கவில்லை. பூந்தமல்லியில் இறங்க வேண்டியவர் பிறகு என் ஸ்டாப்பிலேயே இறங்க ஆரம்பித்தார். கேட்டுக்கு எதிர்ப்புறம் டீக்கடையில் கிளாசை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரை 'அவர்' என்றுதான் இப்போதும் எழுத வருகிறது. 'அவன்' என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. இதிலும் எனக்கு வெட்கம்தான்.

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஆவடியில் அப்பாவின் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில், எங்களுக்கு அடுத்த பிளாக்கில் ஒரு அக்கா இருந்தாள். ஒருத்தன் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து பின்னாலேயே வருகிறான் என்று ஒருநாள் வீட்டில் வந்து அழுதாள். மறுநாளிலிருந்து அவள் கல்லூரிக்குப் போகவில்லை. ஆவணியில் கல்யாணம். பின்னால் வந்தவன் அதே ஸ்டேஷனில் அடுத்த பெண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்து ஒரே மாதிரி வீடுகளில் குடியிருந்த எங்கள் அப்பாக்கள் எல்லாருக்கும் இந்த ஒரு வைத்தியம்தான் தெரியும். எனக்கோ கணக்கு பிடிக்கும். பி.எஸ்சி. முடித்து டீச்சராக வேண்டும் என்று இருந்தேன். ஆகவே வாயை மூடிக்கொண்டேன்.

ஒருநாள் அவர் கேட்டுக்கு உள்ளேயே வந்துவிட்டார். நான் நூலக வராந்தாவில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிரே நிற்கிறார். "அக்கா பொண்ணைப் பாக்கணும்" என்று வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறார். திருநீற்றைப் பார்த்த வாட்ச்மேன் வழியும் காட்டியிருக்கிறார். பெண்கள் அறைக்கு ஓடிப்போய் அங்கே பொறுப்பாக இருந்த மேடத்திடம் சொன்னேன். அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "தாவணியை ஒழுங்கா பின் பண்ணிக்கோ. நாளைக்கு உங்க அப்பாவை அழைச்சுக்கிட்டு வா" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். அப்பாவை அழைத்து வந்தால் திரும்பிப் போகும்போது நானும் கூடவே போக வேண்டியதுதான்.

என் சிநேகிதிக்குப் பொறுக்கவில்லை. பூந்தமல்லியில் பாத்திரக்கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டுப் பெண். என்னைவிடத் தைரியசாலி. "நீ சொல்ல மாட்டே, நான் சொல்றேன்" என்று நேராக ரூட்டுத் தலையிடம் போய்ச் சொல்லிவிட்டாள். எனக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தாள். நானும் அவள் இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

அன்று சாயங்காலம் கரையான்சாவடியில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். டிரைவர் விசிலுக்குக் காத்திருக்கிறார், விசில் வரவில்லை. பின்படிக்கட்டில் சத்தம். எட்டிப் பார்த்தேன். அந்த ஆளைக் காலரைப் பிடித்துக் கீழே இறக்கியிருந்தார்கள். டிபன் பை ரோட்டில் கிடந்தது.

"தங்கச்சி, எறங்கி வாம்மா. நீ ஒண்ணியும் பயப்படாத, நாங்க கீறோம்" என்று ரூட்டுத் தல ஜன்னல் வழியாகக் கூப்பிட்டான்.

நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். யார் யாரோ "போம்மா, போ" என்று என்னைத் தள்ளி இறக்கிவிட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அவரைத் தோப்புக்கரணம் போட வைத்தார்கள். பஸ் மொத்தமும் சேர்ந்து எண்ணியது. பிறகு, "தங்கச்சி கால்ல வுழுடா" என்றான் ஒருத்தன். அவர் விழுந்தார். என் செருப்பின் வார் அறுந்து அதில் ஊக்கு குத்தியிருந்தேன். அத்தனை பேரும் அதைப் பார்க்கிறார்களே என்றுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. உடம்பெல்லாம் கூசியது. நான்தான் ஏதோ தப்புச் செய்து நடுரோட்டில் நிறுத்தப்பட்டதுபோல அழுதேன். அவர் எழுந்தார், முழங்காலைத் தட்டிக்கொண்டார், சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அவர் முகத்தில் நான் தேடியது இல்லவே இல்லை.

அப்பாவின் செக்‌ஷனில் வேலை பார்த்தவர் ஒருவர் அதே பஸ்ஸில் இருந்திருக்கிறார். நான் வீட்டுக்குப் போகும் முன்பே சேதி போயிருந்தது. அம்மா வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருபூரா தெரிஞ்சு போச்சேட்டி! இனி ஒன்ன எவன் கட்டுவான்?"

அப்பா டியூட்டி ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எம்புட்டு நாளா?" என்றார்.

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவீங்க."

அவர் இல்லை என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு விழுந்துவிட்டது. வெகுநேரம் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என் படிப்பு அவ்வளவுதான் என்று நினைத்துப் போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் "கெளம்பு" என்றார். எங்கே என்று கேட்கப் பயம். கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். ஆவடி பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், "ஏறி ஒக்காரு" என்று என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அப்பா விசாரித்துக்கொண்டே பின்படிக்கட்டுக்குப் போனார். அங்கே ரூட்டுத் தல சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எதிரே போய் நின்று அப்பா இரண்டு கையையும் கூப்பினார்.

"தம்பி, எம் புள்ள ஒங்க பஸ்ஸுலதான் வருது. இன்னும் ரெண்டு வருசம். பாத்துக்கிடுங்க."

அவன் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான். "ஐயோ, இன்னா நைனா இது! கைய எறக்கு மொதல்ல. எல்லாம் பாக்குறாங்கோ பாரு" என்றான்.

அப்பா கையை இறக்கவில்லை. ஃபாக்டரியில் சூப்பர்வைசர் முன்னால்கூடக் கை கட்டாதவர் அவர். அந்த வெள்ளைச் சட்டையும் கூப்பிய கையும் என்னால் பார்க்க முடியவில்லை. ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் என் பக்கம் பார்த்துத் தலையாட்டினாரா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரியாது.

அதன்பிறகு நான் பாதுகாப்பாக இருந்தேன். யாரும் என் பக்கத்தில் வந்து நிற்க முடியாது. பஸ்ஸில் ஏறினால், "தங்கச்சிக்கு எடம் உடு" என்று பின்னாலிருந்து குரல் வரும். என் வகுப்புப் பையன் ஒருத்தன் நோட்ஸ் கேட்டு ஸ்டாப்பில் பேசிக்கொண்டு நின்றதற்கு அவனைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தார்கள். பிறகு எந்தப் பையனும் என்னோடு பேசவில்லை. ஒருநாள் கோபத்தில் ரூட்டுத் தலையிடமே போய், "என்னை விட்டுடுங்க, நானே பாத்துக்குறேன்" என்றேன். "நைனாக்கு வாக்கு குட்துகீறேன்மா" என்றான். அவன் சொன்னதில் கள்ளம் இல்லை. அதனால் சண்டையும் போட முடியவில்லை. அவன் கல்லூரியை விட்டுப் போன பிறகும் அடுத்து வந்த தலைக்கு என்னை ஒப்படைத்துவிட்டுத்தான் போனான்.

அந்த ஆள் ரூட்டை மாற்றிக்கொண்டார். கண்ணில் படவேயில்லை. கடைசி வருஷம், தேர்வுகளெல்லாம் நெருங்கிய நேரத்தில், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பூ வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். எதிரே நிற்கிறார். பக்கத்தில் மனைவி, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண். அதே திருநீறு, அதே இஸ்திரிச் சட்டை. என்னைப் பார்த்ததும் பதறுவார், ஒதுங்குவார், கூட்டத்துக்குள் மறைவார் என்று நினைத்தேன். தெரிந்தவரைப் பார்த்ததுபோல நின்றார்.

"இன்னாமா, நல்லா படிக்கிறியா?" என்றார்.

அவர் மனைவி, "யாருங்க?" என்றாள்.

"நம்ம ரூட்ல வர்ற காலேஜ் பொண்ணு" என்றார்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தையும் அண்ணாந்து பார்த்தது. பஸ் ஸ்டாண்டு நிறைய ஆட்கள் இருந்தார்கள். நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், நடந்ததை அவள் காதில் விழச் சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது போயிருக்கலாம்.

"படிக்கிறேண்ணா" என்றேன். சிரிக்கவும் செய்தேன்.