கத்திக்குக் கிடைத்த விடுமுறை

2016 ஒக்டோபர் பத்தாம் திகதி, திங்கட்கிழமை. கனடாவின் நன்றி நவிலும் நாளும் சரஸ்வதி பூசையும் அன்று ஒன்றாக வந்தன. எனக்குப் பத்து வயது. திகதிகளில் அப்போதே பைத்தியம்.

நன்றி நாள் எப்படி வந்தது, அன்று என்ன செய்வார்கள் என்று எழுதிவரச் சொல்லியிருந்தார் வகுப்பு ஆசிரியை. நூலகப் புத்தகங்களைப் புரட்டிக் கொப்பியில் எழுதினேன்: அறுவடைக்கு நன்றி சொல்லும் வழக்கம், திகதி பல காலம் அங்குமிங்கும் அலைந்தது, 1957இல் பாராளுமன்றம் அதை ஒக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமையில் உட்கார வைத்தது, குடும்பம் கூடி வான்கோழி உண்ணும். ஞாயிறு மாலை அந்தக் கொப்பியையும் புத்தகங்களையும் பூசைக்கு வைத்த கும்பத்தடியில் அடுக்கினேன். அம்மா தையல் கத்தரிக்கோலை வைத்தார். அப்பாவின் கத்தியை நானே கொண்டுபோய் வைத்துச் சந்தனப் பொட்டு இட்டேன்.

அப்பா டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் நான்கு வருடம் கோப்பை கழுவியவர். மொன்றியலில் நன்றி நாளன்று உணவகங்கள் பூட்டுவதில்லை. அந்தத் திங்கள்தான் முதன்முறையாக, விருந்தினர் முன்னால் நின்று வான்கோழி வெட்டும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. அதற்கென்றே வாங்கிய கத்தி அது.

திங்கள் மதியம் வேலைக்குப் புறப்படும்போது அப்பா அதை எடுக்கக் கைநீட்டினார். நான் குறுக்கே நின்றேன்.

"தொடக்கூடாது அப்பா. நாளைக்கு விஜயதசமிக்குத்தான் எடுக்கலாம்."

"அப்ப வான்கோழியைச் சரஸ்வதி வந்து வெட்டுவாவோ?"

"விளையாடாமல் எடுத்துக்கொண்டு போங்கோ," என்றார் அம்மா. "வெறுங்கையோட போய் நிண்டால் திரும்பவும் கோப்பை கழுவத்தான் விடுவாங்கள்."

எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் நகரவில்லை. "நீங்கள்தானே சொன்னனீங்கள், தொழில் செய்யிற சாமானுக்கு ஒருநாள் ஓய்வு குடுக்கோணும் எண்டு."

அப்பா என்னைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். "ஓம், சொன்னனான்தான்," என்று கும்பத்தைக் கும்பிட்டுவிட்டு வெறுங்கையோடு மெத்ரோ ரயிலுக்கு நடந்தார்.

மறுநாள் காலை கத்தியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோதுதான் நடந்ததைச் சொன்னார். தலைமைச் சமையல்காரர் கத்தி எங்கே என்று கேட்டாராம்.

"இண்டைக்கு அதுக்கு லீவு எண்டன். நாங்கள் அதுக்கு நன்றி சொல்லுற நாள் எண்டும் சொன்னன். மனுசன் தன்ர கத்தியைத் துடைச்சுத் தந்தார். மூண்டு வான்கோழி, பிள்ளை. ஒரு துண்டும் பிய்யேல்லை."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

அன்று வகுப்பில் பாராளுமன்றம் பற்றிய வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்து வாசித்தேன்: எங்கள் வீட்டில் இந்நாளில் கத்திக்கும் விடுமுறை உண்டு. எல்லோரும் கைதட்டினார்கள். தலை நிமிர்ந்துதான் இடத்துக்குத் திரும்பினேன்.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்று ஓய்வெடுத்தவர்களின் பட்டியலும் அதில் உண்டு: நான், அம்மா, புத்தகங்கள், கத்தரிக்கோல், கத்தி. திகதி ஒன்றும் பிழையில்லை. அந்தத் திங்களில் எங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போனவர் ஒருவர்தான் என்பது மட்டும் பத்து வயதில் எனக்கு உறைக்கவில்லை.