மூன்று சாம்பல் கதவுகள்

வீடியோ கேம் கேசட்டின் அடிப்பக்கத்தில் வாயை வைத்து ஊதினால் நாக்கு நுனியில் உப்புக் கரிக்கும். தூத்துக்குடியில் ஜன்னல் கம்பி, கதவுக் கீல், சைக்கிள் செயின் என்று எதில் நாக்கை வைத்தாலும் உப்புத்தான் என்றாலும், இந்த உப்போடு சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனையும் சேர்ந்திருக்கும். நானும் அண்ணன் செல்வினும் ஆளுக்கு மூன்று முறை ஊதி, கேசட்டைப் பெட்டிக்குள் செருகி மெதுவாக அழுத்துவோம். டிவியில் கோடு கோடாக ஓடி ஒருவழியாகப் படம் நின்றதும் அண்ணன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வான். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே போட்டுக்கொள்வான்.

அந்த வீடியோ கேம் பெட்டியை அப்பா ஜப்பான் துறைமுகம் ஒன்றில் வாங்கி, லுங்கியில் சுற்றி, சோப்புக் கட்டிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். அப்பாவுக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. கேசட் ஒன்றே ஒன்றுதான். அதன் அட்டையில் ஒரு ஆள் தலைகீழாகக் கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தான், அந்தப் படத்துக்காகத்தான் வாங்கினாராம். எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழியில் இருந்ததால் ஆட்டத்தின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. சங்கு எடுக்க மூழ்குகிறவர்களை எங்கள் தெருவில் "குளியாள்" என்பார்கள், நாங்களும் ஆட்டத்துக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டோம்.

எங்கள் வீட்டில் இருந்தது கலர் டிவி. ஆனால் இந்தப் பெட்டியை மாட்டினால் மட்டும் படம் கருப்பு வெள்ளையில் வரும். டிவி ரிப்பேர் செய்யும் அண்ணாச்சி வந்து முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இது அந்த நாட்டு சிஸ்டம்மா, நம்ம டிவில கலரு வராது" என்றார். "ஆட்டம் ஓடுதுல்லா, கலரு வந்து என்ன செய்யப் போவுது" என்று அம்மா அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். எங்களுக்கும் அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. அந்த வருடம் சித்திரையில் அப்பா வந்திருக்க வேண்டும், வரவில்லை. வளைகுடாப் பக்கம் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே கப்பலை நிறுத்திவிட்டார்கள், கப்பல்மேல் வழக்கு, தீரும்வரை ஒருவரும் கீழே இறங்கக் கூடாது என்று ஏஜெண்ட் ஆபீஸில் சொன்னார்கள். "அவுட்டர்ல கெடக்கு" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். துறைமுகத்துக்குள் வர முறை கிடைக்காமல் கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டுக் கிடக்கும் இடத்துக்கு "அவுட்டர்" என்று பெயர். எங்கள் கடற்கரையிலிருந்து பார்த்தாலே நாலைந்து கப்பல்கள் அப்படிக் கிடக்கும். அதில் ஒன்றில் அப்பா இருப்பதாக நினைத்துக்கொண்டு நான் கையாட்டியிருக்கிறேன்.

தெருவில் கால் வைத்தால் போதும், பார்க்கிறவர்கள் எல்லாம் "அப்பா எப்பம்ளா வாராரு?" என்று கேட்பார்கள். அவர்கள் பாசமாகத்தான் கேட்டார்கள், ஆனால் அம்மாவால் அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. கோயிலுக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கும் தவிர அவளும் போகவில்லை, எங்களையும் விடவில்லை. நிலக்கரித் தூசி வருகிறது என்று ஜன்னல்களையும் சாத்திவிட்டாள். அந்தக் கோடை விடுமுறை முழுவதும் நானும் அண்ணனும் முன்னறையில் டிவிக்கு எதிரே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே போக வேண்டும் என்று அழுவதற்குக்கூட பயமாக இருந்தது, ஏனென்றால் அழுதால் அம்மாவும் அழுவாள்.

அப்பா திரும்பி வர வேண்டிக்கொண்டு அம்மா மாதா கோயிலில் "நேர்ச்சை" வைத்திருந்தாள். அண்ணன் தனியாக ஒன்று வைத்தான். ஆட்டத்தின் கடைசியில் குளியாள் ஒரு குகைக்குள் போவான். அவன் அந்தக் குகையை விட்டு வெளியே வந்துவிட்டால் அப்பாவும் கப்பலை விட்டு இறங்கிவிடுவார், இதுதான் அவனுடைய நேர்ச்சை. "அம்மாட்ட சொல்லிராத" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினான்.

குகைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து அறைகள் இருந்தன. ஒவ்வொரு அறையிலும் குளியாள் கையில் ஒரு சாவி வரும், எதிரே மூன்று கதவுகள் வரும். மூன்றும் ஒரே மாதிரிச் சாம்பல் நிறம், சாவியும் சாம்பல். சரியான கதவைத் திறந்தால் அடுத்த அறை. தப்பான கதவைத் திறந்தால் பின்னால் கதவு மூடிக்கொள்ளும், உள்ளே நாலு பக்கமும் பாறை, வெளியே வர வழியே கிடையாது. மூச்சு தீரும்வரை அவன் அதற்குள் நின்று நீர்க்குமிழி விட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்க வேண்டியதுதான். பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும், குகைக்கு வந்து சேரவே முக்கால் மணி நேரம் ஆகும். இன்று திறந்த கதவு நாளைக்குத் திறக்காது என்பதால் மனப்பாடம் செய்தும் பயனில்லை.

நீந்துவது அண்ணன். கதவைச் சொல்வது நான். அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் மாதா சிலை இருக்கும் கெபியின் திருவிழாக் குலுக்கலில் சீட்டு எடுக்க என்னை மேடையில் ஏற்றினார்கள், நான் எடுத்த சீட்டு எங்கள் வீட்டுச் சீட்டாகவே இருந்து ஒரு பித்தளைக் குடம் விழுந்தது. அன்றிலிருந்து எனக்கு "ராசிக்கை" என்று பெயர். எங்கள் தெருவில் புது வலையைக் கடலில் இறக்குவதற்கு முன் ராசியான பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு முதலில் தொட வைப்பார்கள். எதிர்வீட்டு ரோசம்மா அக்காளுடைய மாப்பிள்ளை புது வலை இறக்கியபோது அக்காள் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனாள், நான் தொட்ட வலையில் மறுநாள் சீலா மீன் அள்ள அள்ள வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வலைக்கு மீன் கொண்டுவந்த கை கதவைத் திறக்காதா என்று அண்ணன் நினைத்ததில் தப்பொன்றும் இல்லை.

இரண்டாவது அறைவரை போவோம், சில நாள் மூன்றாவது. ஒவ்வொரு முறை கதவு மூடும்போதும் அண்ணன் பொத்தான் கட்டையைக் கீழே வைப்பான். நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வேன். சில நாள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன், சில நாள் ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு சொன்னேன். சங்குக்கு மூழ்கிப் பழகிய ரோசம்மா அக்காளின் மாப்பிள்ளை ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "ஏலே, இம்புட்டு நேரம் மூச்சடக்கி எவன்லே கெடப்பான்?" என்று சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது ஐந்தாவது அறைக்கு வந்துவிட்டோம். அன்று கரண்டும் போகவில்லை, ஊதியதும் படமும் உடனே நின்றிருந்தது. மூன்று சாம்பல் கதவுகள். அம்மா எஸ்.டி.டி. பூத்துக்குப் போயிருந்தாள். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்து, "பாத்துச் சொல்லுளா" என்றான். நான் நடுக்கதவைச் சொன்னேன். குளியாள் உள்ளே போனான், கதவு மூடிக்கொண்டது, குமிழி வர ஆரம்பித்தது.

அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, வழக்கு இன்னும் தள்ளிப்போய்விட்டது, எப்போது என்றே சொல்லவில்லை என்றாள். அண்ணன் சத்தியத்தை எல்லாம் மறந்து நேர்ச்சையைப் பற்றி மூச்சுவிடாமல் சொல்லி முடித்துவிட்டு, "எல்லாம் இவ கையாலதாம்மா" என்றான். அம்மா அவனைத் திட்டுவாள் என்று நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் திட்டவில்லை. என் கையைப் பார்த்தாள், பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். அடுத்த மாதம் ரோசம்மா அக்காள் இன்னொரு வலைக்கு என்னைக் கூப்பிட வந்தபோது, "அவ வேண்டாம்க்கா, செல்வின அனுப்புதேன்" என்று அம்மா சொன்னது எனக்கு உள்ளறையில் கேட்டது.

அப்பா ஒன்பது மாதம் கழித்து வந்தார், பாதி ஆளாக. வந்த மறுநாள், "குளியாள முடிச்சிட்டியளாலே?" என்று கேட்டார். "முடிச்சோம்ப்பா, அதாம் நீங்க வந்துட்டிய" என்றான் அண்ணன். நேர்ச்சைக் கதையை அம்மா ஏற்கெனவே சொல்லியிருப்பாள் போலிருக்கிறது, அப்பா கண் கலங்கி எங்கள் இருவரையும் இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு அண்ணன் என்னிடம் தனியாக, "ஒன் கையாலதாம்ளா ஒம்பது மாசம் தள்ளிப்போச்சு" என்றான். பெட்டி பரணுக்குப் போனது, அங்கே உப்பு பிடித்துத் துருவேறிச் செத்தது.

பிள்ளைப் பேச்சு என்று நீங்கள் சொல்லலாம், நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அதன்பிறகு நான் எதையும் முதலில் தொட்டதில்லை. கல்லூரியை அம்மா தேர்ந்தெடுத்தாள், கல்யாணப் புடவையை நாத்தனார் எடுத்தாள். நான் வேலை பார்க்கும் ஷிப்பிங் ஆபீஸில் ஆயுத பூஜைக் குலுக்கலுக்கு என்னைக் கூப்பிட்டால் தலைவலி என்று வீட்டுக்கு வந்துவிடுவேன். அண்ணன் மில்லர்புரத்தில் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது அடுப்பை யார் பற்றவைப்பது என்று பேச்சு வந்தது, நான் அதற்குள் பின்பக்கம் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டேன். குளியாள் நின்ற அந்தப் பாறை அறை எனக்கு நன்றாகத் தெரியும், நான் அதில்தான் குடியிருந்தேன்.

என் மகள் ஒரு புது கேம் பெட்டி வாங்கினாள். அதில் பழைய ஆட்டங்களையெல்லாம் திரும்ப வெளியிடுகிறார்கள் என்று சொன்னாள். வெளியிடுகிறார்கள், ஆனால் நியாயவிலைக் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுவது போல. மாதத்துக்கு ஒன்று, சில மாதம் அதுவும் இல்லை. எல்லோரும் கேட்கிற ஆட்டங்கள் முதலில், யாரும் கேட்காதவை எப்போதாவது. நான் மகளுக்குத் தெரியாமல் ஒவ்வொரு மாதமும் அந்தப் பட்டியலில் அட்டைப் படங்களைத் தேடுவேன். நாலு வருடம் தேடினேன். இதற்கிடையில் அம்மா இறந்துபோனாள். போன மாதம் தலைகீழாகக் கடலுக்குள் பாய்கிற அந்த ஆள் பட்டியலில் வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து டிவி முன்னால் உட்கார்ந்தேன். ஊத வேண்டியதில்லை, உப்புக் கரிக்கவில்லை. கடல் நீலமாக இருந்தது, மீன்கள் மஞ்சளாக இருந்தன, எனக்கு அதுவே வேறு ஆட்டம் போல இருந்தது. தட்டுத் தடுமாறிக் குகைக்கு வந்தேன். முதல் அறையில் மூன்று கதவுகள் வந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று நீலம். குளியாள் கையில் இருந்தது பச்சைச் சாவி.

எனக்கு உடனே விளங்கவில்லை. எங்கள் பழைய டிவியில் இந்த மூன்றும்தான் சாம்பலாகத் தெரிந்திருக்கின்றன. பச்சைச் சாவிக்குப் பச்சைக் கதவு, அடுத்த அறையில் சிவப்புக்குச் சிவப்பு. மூன்று வயதுப் பிள்ளை திறந்துவிடும். ஐந்து அறைகளையும் இரண்டு நிமிடத்தில் கடந்தேன், குளியாள் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி மூச்சு வாங்கினான், வானத்தில் வெயில் அடித்தது. சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

அண்ணன் இப்போது கப்பலில் இரண்டாவது எஞ்சினியர். வீடியோ காலில் பிடித்து டிவியைக் காட்டினேன். "ஏளா, கலரு மேட்சா? கலரையா பாத்திருக்கணும்? கூறுகெட்ட ஆட்டம்" என்று விழுந்து விழுந்து சிரித்தான். நான் கையைப் பற்றிச் சொன்னேன், அவன் சொன்ன வார்த்தையைச் சொன்னேன். அவன் சிரிப்பு நின்றது. "நானாளா அப்படிச் சொன்னேன்? சத்தியமா ஞாபகமே இல்லளா" என்றான். பொய் சொல்லவில்லை, முகம் தெரிந்தது.

என் கைமேல் தப்பில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? இரண்டு வருடம் முன்னால் இந்த ஆட்டத்தை வெளியிட்டிருந்தால் அம்மாவிடம் காட்டியிருப்பேன். ரோசம்மா அக்காள் வீட்டார் வள்ளத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார்கள். வலையை இப்போது கட்டுக் கட்டாக வேனில் கொண்டுவந்து நேராக விசைப்படகில் ஏற்றுகிறார்கள், தொடச் சொல்லிப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. எஸ்.டி.டி. பூத் இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது.

அப்பா மட்டும் இருக்கிறார், என்னோடுதான். கட்டிலில் படுத்தபடியே, "என்னளா சத்தம்?" என்று கேட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "அப்பா, குளியாள நாங்க அன்னைக்கு முடிக்கவே இல்ல. செல்வின் பொய் சொன்னான். இன்னைக்குத்தான் முடிச்சேன்."

அப்பா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். பிறகு கேட்டார்.

"அப்பம் நான் எப்படிளா வந்தேன்?"

குளியாள் குகைக்குள்ளேயே கிடக்க அப்பா வந்தது எப்படி என்று முப்பது வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.