தோள்மேல் ஒரு கை

1993 டிசம்பர் மாத டைரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே ஒரே வரி எழுதியிருக்கிறேன்: ‘கேட்டேன். சிரித்தார்கள்.’

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஒரு மாடி அறை. மாதம் ஒருமுறை எங்கள் வாசகர் வட்டம் அங்கே கூடும். அன்று பேசுவது என் முறை. எதுவுமே இல்லாமல் இருப்பதுதானே சுலபம்? படைக்க வேண்டாம், பராமரிக்க வேண்டாம். அப்படியிருக்க ஏன் இத்தனையும் இருக்கின்றன: குளம், கோபுரம், இதைக் கேட்கிற நான்? இரண்டு மாதம் படித்துத் தயாரித்த பேச்சு. வட்டத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பாதியில் குறுக்கிட்டார்.

“சார், போண்டா சூடா இருக்கு. ஏன் இருக்குன்னு கேட்டுண்டே இருந்தா அதுவும் இல்லாம போயிடும்.”

அறை குலுங்கியது. என் பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த கூட்டத்தில் அவர் என்னை “வாங்கோ, சூன்யம் சார்” என்று வரவேற்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. பாண்டி பஜாரில் மனைவியோடு போகும்போதுகூட ஒருவர் அப்படிக் கூப்பிட்டார். யாரைக் கூப்பிடுகிறார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். நான் திரும்பவில்லை.

காத்திருந்தேன். 1997இல் வட்டத்துக்குப் பத்தாண்டு நிறைந்தது. மலர் போட முடிவானது. தேதி தவறாமல் குறித்து வைப்பவன் என்பதால் வரலாறு எழுதும் வேலை என்னிடம் வந்தது. செயலாளர் அதற்குள் மகனோடு அடையாறுக்குப் போய்விட்டார், கூட்டங்களுக்கு வருவதில்லை.

அவரைத் திட்டி எழுதவில்லை. அவரே இல்லாமல் எழுதினேன். வட்டத்தைத் தொடங்கியவர், அறை பிடித்தவர், பேச ஆள் தேடியவர் எல்லாம் அவர்தான் என்பதால் ஒவ்வொரு பத்தியையும் அவரைச் சுற்றி வளைத்துக் கட்ட வேண்டியிருந்தது. உள்ளபடி எழுதியிருந்தால் ஒரு மாலையில் முடிந்திருக்கும். மூன்று வாரம் பிடித்தது. இல்லாமை சுலபம் என்று நான் பேசியது தவறு. அதை அவரிடம் சொல்லும் உத்தேசம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இங்கேயும் அவர் பெயரைத் தரவில்லை.

புகைப்படத்தில்தான் சிக்கல். தொடக்க நாள் படத்தில் அவர் ஓரமாக நின்றிருந்தார், வெட்டிவிடலாம். ஆனால் அவருடைய கை பக்கத்தில் நின்ற வட்டத் தலைவரின் தோள்மேல் கிடந்தது. “கையை எடுத்தா தோளும் போயிடும் சார்” என்றார் அச்சகக்காரர். கை மட்டும், கைக்கடிகாரத்தோடு, அச்சாயிற்று.

மலரை நானே அவருக்குத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து, கையைத் தொட்டுக் காட்டி, “இது நான்” என்கிறாராம். எனக்குச் சொன்னவர் நேரில் பார்த்தவரல்ல. அடையாறுக்குப் போய் விசாரிக்க எனக்கு மனமில்லை. உறுதி செய்யப்படாத தகவல்.